மேல் லயத்துக் குடும்பம் (வாட்ஸ்அப் குழு; லயம் என்பது தோட்டத்து வரிசை வீடு)

பெரியப்பா: பிள்ளைகளே, கவியின் கல்யாண கார்ட் வந்துவிட்டது. மொத்தம் 250. ஹட்டன், நோர்வூட் பக்கம் ரவி கொடுப்பான். பொகவந்தலாவைக்கு மட்டும் நான் தனியாகப் போகிறேன். காரணம் கேட்காதீர்கள்.

சுதா: ஏன் பெரியப்பா?

பெரியப்பா: சரி, சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை டிவியில் ஆட்டோகிராஃப் போட்டார்கள். 2004இல் வந்தது, சேரன் எடுத்து அவரே நடித்த படம். கல்யாண கார்டைத் தூக்கிக்கொண்டு பழைய ஆட்களைத் தேடி ஊர் ஊராகப் போவார். பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை.

கண்டி மாமி: அவர் தேடிப் போனது பழைய காதலிகளை அண்ணன். பொகவந்தலாவையில் உங்களுக்கு யார்?

பெரியம்மா: நானும் அதைத்தான் கேட்கிறேன்

ரவி: 😂😂

பெரியப்பா: ஐயோ, அக்கா வீட்டுக்கு! 1984, எனக்கு 18 வயது. தேயிலை மலையில் கணக்கப்பிள்ளைக்கு எழுத உதவியாக நின்றேன். நான் வேலைக்கு மட்டம் போட்டு ஹட்டனில் படம் பார்த்ததை அக்கா அப்பாவிடம் சொல்லிவிட்டாள். நல்ல அடி. மறுநாள் கொழுந்து நிறுவையில் அக்கா, இடுப்பில் கட்டிய நனைந்த படங்கோடு வந்து கூடையை இறக்கினாள். தராசில் 14 கிலோ. நான் 11 என்று எழுதினேன். அவளுக்கு அரைப்பேர். அப்பா, வேலைக்குப் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் எல்லோரும் பார்க்க, சோம்பேறி என்று அவளை அறைந்தார். நான் பென்சிலைப் பிடித்தபடி நின்றேன்.

ரவி: அரைப்பேர் என்றால்?

சுதா: கொழும்புக்காரருக்குத் தெரியாது. சொன்ன கிலோ பறித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைநாள் சம்பளம்தான்.

கண்டி மாமி: அந்தப் படத்தில்தானே ‘ஒவ்வொரு பூக்களுமே’? சித்ராவுக்குத் தேசிய விருது, எழுதிய பா.விஜய்க்கும்.

சுதா: அதையே கல்யாணத்தில் பாடச் சொல்வோமா

பெரியம்மா: சோகப் பாட்டு வேண்டாம்

கண்டி மாமி: அது தைரியம் சொல்கிற பாட்டு அண்ணி

சித்தப்பா: மூன்று கிலோவோடா நின்றது? அப்பா செத்த வீட்டில் அண்ணன் அக்காவிடம் என்ன சொன்னார் என்று

பெரியப்பா: தம்பி, அதை இங்கே எழுதாதே.

சித்தப்பா இந்த மெசேஜை அழித்துவிட்டார்

ரவி: நான் வாசித்துவிட்டேன்

குமார் மச்சான்: மாமா, எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 14 இல்லையாம். 15.

பெரியப்பா: 15ஆ? சரி, அவள் சொன்னால் 15தான்.

கண்டி மாமி: படத்தில் கார்டை நீட்டினால் கதை நகர்ந்துவிடும். நீங்கள் வாய் திறந்து சொல்வீர்களா, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவீர்களா?

பெரியப்பா: சொல்வேன். சனிக்கிழமை காலை வருகிறேன் குமார்.

குமார் மச்சான்: சனிக்கிழமை அம்மா வீட்டில் இல்லையாம்.

சுதா: எங்கே போகிறார் அத்தை?

குமார் மச்சான்: எங்கும் போகவில்லை.

ரவி: 😶

பெரியப்பா: அப்போ ஞாயிறு?

குமார் மச்சான்: கேட்டேன். பதில் இல்லை. பெரிய மாமியும் வருகிறாரா என்று மட்டும் கேட்டார்.

பெரியம்மா: வருகிறேன் என்று சொல். பலகாரம் என்ன பிடிக்கும்?

குமார் மச்சான்: சீனி வருத்தம் பெரிய மாமி. முறுக்கு போதும்.

சித்தப்பா: அது சரி, பந்தல்காரனுக்கு அட்வான்ஸ் யார் கொடுத்தது? அவன் என்னைக் கூப்பிட்டுக் கேட்கிறான்.

ரவி: நான் இல்லை

சுதா: நானும் இல்லை