புதுப்பிப்பு: காரோ-கான் அட்வான்ஸில் சி5 வந்தால் என்ன ஆடுவது?

செஸ்ஸில் காரோ-கான் என்ற தொடக்க முறையின் அட்வான்ஸ் வகையில் வெள்ளையாக ஆடுவது பற்றிப் போன பதிவில் கேட்டிருந்தேன்: 1.இ4 சி6 2.டி4 டி5 3.இ5 என்று ஆடும்போது கறுப்புக் காய் ஆடுபவர் பிஷப்பை வெளியே எடுக்காமல் உடனே 3...சி5 தள்ளினால் என்ன செய்வது என்று. 1961 உலகப் பட்ட மறுபோட்டியில் அப்போதைய சாம்பியன் தாலுக்கு எதிராக முன்னாள் சாம்பியன் போட்வின்னிக் ஆடிய நகர்த்தல் இது. பெரும்பாலோர் "சிப்பாயை வெட்டு, அப்புறம் ஏ3" என்றீர்கள்.

அடுத்த டோர்னமெண்டிலேயே அது வந்தது. 4.டிxசி5 இ6 5.ஏ3. பி4 தள்ளி சிப்பாயைக் காப்பாற்றிக்கொள்வேன் என்ற மிரட்டல்தான் இதன் சாரம். எதிராளி யோசிக்காமல் பிஷப்பால் சி5-ஐ எடுத்தார். எஃப்8-ஐ விட்டு பிஷப் கிளம்பியதும் ஜி7-க்குக் காவல் இல்லை, ராணி ஜி4! இங்கே அவர் நீண்ட நேரம் உட்கார்ந்திருந்தார். ராஜாவை எஃப்8-க்கு நகர்த்தினால் காஸ்லிங் (ராஜாவையும் ரூக்கையும் ஒரே நகர்த்தலில் மாற்றி வைப்பது) போச்சு. ஜி6 ஆடினார். எஃப்6, எச்6 இரண்டும் ஓட்டை, அதாவது அவர் சிப்பாய்களால் இனி காக்க முடியாத கட்டங்கள். என் பிஷப் ஜி5 வழியாகப் போய் எஃப்6-இல் உட்கார்ந்தது. இ5 சிப்பாய் முட்டுக் கொடுக்க, அதை யாராலும் அசைக்க முடியவில்லை.

முடிவு? டிராதான். ரூக்குகளும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய எண்ட்கேமில் எனக்கு ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும் அவர் பிடித்துக்கொண்டார், நன்றாகவே ஆடினார். ஓப்பனிங் மேல் குறையில்லை.

ஏ3 சொன்னவர்களுக்கு நன்றி. 4...குதிரை சி6 வந்தால் 5.பிஷப் பி5 ஆடலாம் என்றிருக்கிறேன். அதை ஆடிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.