பொய்த் தலைப்புடன் வரும் குப்பை மின்னஞ்சல்: அமெரிக்க மாநிலச் சட்டத்தின்படி இங்கிருந்து வழக்குத் தொடர முடியுமா?

பாசிக்கரை (மண்டபம்):

மண்டபத்தில் உலர்ந்த கடல்பாசியை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் சிறு தொழில் செய்து வருகிறேன். விலை விசாரிப்பு முதல் மாதிரி கேட்பது வரை எல்லாம் மின்னஞ்சலில்தான் நடக்கிறது. சில மாதங்களாக ஓர் அமெரிக்க விளம்பர நிறுவனம், நான் எழுதவே எழுதாத கடிதத்துக்குப் பதில் அனுப்புவது போல, 'மறு: தங்கள் ஆர்டர் குறித்து' என்ற தலைப்பில் தொடர்ந்து எழுதுகிறது. திறந்து பார்த்தால், கூகுள் தேடலில் எங்கள் தளத்தை முதலிடத்துக்குக் கொண்டுவருகிறோம் என்ற விளம்பரம். உண்மையான ஆர்டரும் இதே சாயலில்தான் வரும் என்பதால் திறக்காமல் அழிக்கவும் மனம் வருவதில்லை. பட்டியலிலிருந்து நீக்கக் கோரினால் வேறொரு முகவரியிலிருந்து மறுபடி வருகிறது.

சியாட்டிலில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன், அந்த மாநிலத்தில் இத்தகைய மின்னஞ்சல் ஒவ்வொன்றுக்கும் 500 டாலர் கேட்டு வழக்குப் போடலாம் என்கிறான். இது உண்மையா? உண்மையானால், மண்டபத்தில் இருக்கும் எனக்கு அந்த உரிமை உண்டா?

கீழக்கரைக்காரன்:

தங்கள் மருமகன் சொல்வதில் அடிப்படை இருக்கிறது. ஆனால் தங்களுக்கு அது பொருந்துவது கடினம். சியாட்டில் அடங்கிய வாஷிங்டன் மாநிலம் 1998இல் இயற்றிய வணிக மின்னஞ்சல் சட்டம், கேட்காமல் வரும் விளம்பரம் அனைத்தையும் தடை செய்யவில்லை. அனுப்பியவரின் முகவரியையோ கடிதம் வந்த வழியையோ மறைப்பதையும், தலைப்பு வரியில் பொய்யான அல்லது திசைதிருப்பும் செய்தி தருவதையும்தான் அது தடை செய்கிறது. இழப்பு இவ்வளவு என்று நிரூபிக்க இயலாதவரும் கேட்கலாம் என்பதற்காகவே 500 டாலர் என்ற தொகையைச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள்.

அந்தச் சட்டத்தின் கீழ் மாநில அரசே ஒரேகானைச் சேர்ந்த ஒருவர் மீது வழக்குத் தொடுத்தது. 'சரியான முகவரிதானா?' என்று பழகியவர் கேட்பது போன்ற தலைப்பிட்டு, இணையத்தில் பணம் பண்ணும் வழி சொல்லும் கையேட்டை விற்றவர் அவர். வெளிமாநிலத்தாரைக் கட்டுப்படுத்த வாஷிங்டனுக்கு அதிகாரம் இல்லை என்ற அவருடைய வாதத்தை மாநில உச்ச நீதிமன்றம் 2001இல் நிராகரித்தது. தங்களுக்கு வரும் 'மறு:' என்ற தலைப்பும் அதே தந்திரம்தான்.

ஆனால் அச்சட்டம் காப்பது, வாஷிங்டனில் வசிப்பவருடையது என்று அனுப்புகிறவர் அறிந்த, அல்லது அறிந்திருக்க வேண்டிய முகவரிகளை. அல்லது, கடிதம் அந்த மாநிலத்தில் உள்ள கணினியிலிருந்து புறப்பட்டிருக்க வேண்டும். மண்டபத்து வணிகருக்கு இந்த இரண்டாவது வழி மட்டுமே மிஞ்சுகிறது. அதை நிரூபிக்க ஆகும் செலவு கிடைக்கும் தொகையை விழுங்கிவிடும்.

இன்னொன்றும் உண்டு. 2003இல் இயற்றப்பட்டு 2004 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கேன்-ஸ்பேம் என்னும் அமெரிக்க மத்தியச் சட்டம், மாநிலச் சட்டங்களின் பெரும்பகுதியைச் செல்லாததாக்கிவிட்டு, பொய்யையும் ஏமாற்றையும் தடுக்கும் பகுதியை மட்டும் விட்டுவைத்தது. சாதாரணப் பயனருக்கு அந்த மத்தியச் சட்டம் வழக்குரிமை தரவில்லை. கலிஃபோர்னியாவில் கேட்காத விளம்பரத்தை முழுவதுமாகத் தடுக்க வந்த சட்டம் இப்படித்தான் முடங்கியது. அங்கே ஏமாற்று மின்னஞ்சல் ஒன்றுக்கு 1,000 டாலர் என்ற பிரிவு மட்டும் தப்பியது. ஆகவே 'தொந்தரவு' என்று சொல்லி அங்கே வெல்ல முடியாது, 'பொய்' என்று காட்ட வேண்டும்.

வழக்கறிஞர், இராமநாதபுரம்:

நம் நாட்டு நிலையையும் சொல்லிவிடுகிறேன். குப்பை மின்னஞ்சலுக்கென்று இங்கே தனிச் சட்டம் இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் தொலைபேசி அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் உரியவை. விளம்பர அழைப்புகளை நிறுத்தக் கோரும் 1909 என்ற எண்ணுக்குச் சொல்லி மின்னஞ்சலை நிறுத்த முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, அனுப்பியவர் யார் என்பதில் ஏமாற்றும் மின்னஞ்சலையும் தொட்டது. ஆனால் கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானதென்று உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் அந்தப் பிரிவை முழுவதுமாக நீக்கியது. நீக்கியது சரியே என்பது என் கருத்து. அதனோடு இந்தச் சிறு பாதுகாப்பும் போயிற்று.

ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66டி இருக்கிறது; மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. வெறும் விளம்பரத்துக்கு அது பொருந்தாது. பண இழப்பு ஏற்பட்டிருந்தால் நிலை வேறு. வங்கியின் பெயரில் வந்த போலி மின்னஞ்சலால் பணம் இழந்த தூத்துக்குடிக்காரர் ஒருவருக்கு 12.85 லட்சம் ரூபாய் வழங்குமாறு, தீர்ப்பளிக்கும் அதிகாரியாக இருந்த தமிழகத் தகவல் தொழில்நுட்பச் செயலர் 2010இல் அந்த வங்கிக்கே உத்தரவிட்டார். தங்களுக்கு இதுவரை அத்தகைய இழப்பு இல்லை என்பதால், மகிழ்ச்சியோடு சொல்கிறேன், அந்தக் கதவும் இப்போது திறக்காது.

பாசிக்கரை (மண்டபம்):

இருவருக்கும் நன்றி. காக்கா, மருமகனுக்கும் இதே நிறுவனத்திடமிருந்து வருகிறதாம். அவன் தனக்கு வருவதை வைத்து வழக்குப் போடலாமா? இன்னும் பல பட்டியல்களில் முகவரியைக் கொடுத்து நிறையச் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறான்.

கீழக்கரைக்காரன்:

முதலாவதைச் செய்யலாம், இரண்டாவதைச் செய்யவே வேண்டாம் என்று சொல்லுங்கள். வாஷிங்டனைச் சேர்ந்த ஒருவர் குப்பை அஞ்சலைச் சேர்த்து வைத்து வழக்குத் தொடுப்பதையே தொழிலாக்கிக்கொண்டு விர்ச்சுமுண்டோ என்ற நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தபோது, அமெரிக்க மத்திய நீதிமன்றங்களில் ஒன்றான ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009இல் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. மாறாக, 2025இல் வாஷிங்டன் உச்ச நீதிமன்றம், ஓல்ட் நேவி என்ற ஆடை விற்பனை நிறுவனம் தொடர்பான வழக்கில், தலைப்பு வரியில் எந்தப் பொய்யான செய்தி இருந்தாலும் சட்டம் தடுக்கும் என்று விரிவாகப் பொருள் கொண்டது. தள்ளுபடி இன்றோடு முடிகிறது என்று எழுதிவிட்டு மறுநாளும் நீட்டிப்பது போன்ற தலைப்புகளும் அதில் அடங்கும். ஆகவே இயல்பாக வந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டு தங்கள் மருமகன் அங்குள்ள வழக்கறிஞரைப் பார்க்கட்டும்; தொகையும் விதியும் இன்று எப்படி இருக்கின்றன என்று அவரே பார்த்துச் சொல்வார்.

சான்றைக் கெடுத்துவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். திரையைப் படம் பிடிப்பதோ வேறொருவருக்குத் திருப்பி அனுப்புவதோ போதாது, ஏனெனில் திருப்பி அனுப்பும்போது கடிதம் எந்தெந்த சர்வர் வழியாக வந்தது என்ற ஹெடர் வரிகள் உதிர்ந்துவிடும். ஜிமெயிலில் 'அசலைக் காட்டு' என்பதைத் திறந்து கோப்பாகவே இறக்கி, தேதி வாரியாக வைக்க வேண்டும். நீக்கக் கோரிய நாளையும், அதற்குப் பிறகு எந்தப் புதிய முகவரியிலிருந்து வந்தது என்பதையும் பக்கத்தில் குறித்து வைக்கட்டும்.