சோமனூர்ல வீட்டுலயே முதல் சிங்கிள்: தறிச் சத்தம், தப்பட்டை, ரைட்ஸ்

காடாத்துணி:
வணக்கமுங்க. நானே எழுதி மெட்டுப் போட்ட பாட்டு, 3 நிமிஷம். குரல், அக்கூஸ்டிக் கிட்டார், தப்பட்டை ரெண்டு, உடுக்கை ஒண்ணு. கும்மி நடை, 6/8. மெதுவா ஆரம்பிச்சு கடைசில வேகமெடுக்கும். கைல ஸ்கார்லெட் சோலோ (மைக்க லேப்டாப்போட இணைக்கற ஆடியோ பெட்டி), ஒரு கண்டென்சர் மைக், ரீப்பர்ங்கற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் போட்ட லேப்டாப் இருக்குது. ரூம் பத்துக்குப் பன்னெண்டு, செவுத்துக்கு அந்தப்பக்கம் தறி. ஃபோம் ஒட்டுனா சத்தம் நிக்குமுங்களா, இல்ல கோயமுத்தூர்ல ஸ்டுடியோவே எடுத்துக்கலாமா? பல்லவில எங்கூர்க் கும்மிப்பாட்டோட சாயலும் இருக்குது. ரிலீஸ்ல சிக்கல் வருமா?

சித்தோடு_ஸ்டீரியோ:
ஃபோமுக்குக் காசு போடாதீங்க. அது ரூமுக்குள்ள எதிரொலிக்கறதத்தான் குறைக்கும். வெளிச் சத்தத்தத் தடுக்கறது செவுத்தோட கனமும் சந்தில்லாத கதவும்தான். நாய்ஸ் ரிடக்‌ஷன நம்பியும் எடுக்காதீங்க. ஃபேன் மாதிரி ஒரே சீரான இரைச்சல் அதுல போகும், தறி தட்டறது போகாது. மிக்ஸ்ல குரலுக்குக் கம்ப்ரஸர் (சத்தம் தூக்கலான எடத்த மட்டும் அமுக்கறது) போட்டு 10 டெசிபல் இறக்கி, அதே அளவு லெவலை ஏத்துனா, வரிக்கு வரி நடுவுல இருக்கற தறிச் சத்தமும் 10 டெசிபல் மேல வந்து உக்காந்துக்கும்.

மாசாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தற நாள்தான் உங்களுக்கு ஸ்டுடியோ. முந்தின நாளே பேப்பர்ல ஊர்ப் பேரோட போட்டுருவாங்க, பெரும்பாலும் காலைல 9 மணில இருந்து சாயந்திரம் வரைக்கும். மொத்தத் தறியும் நிக்கும். சோலோ யூஎஸ்பி கரண்ட்டுலயே ஓடும், கண்டென்சருக்கு வேண்டிய 48 வோல்ட்டும் அதுவே குடுத்துரும். லேப்டாப் பேட்டரி இருந்தாப் போதும், வயர்ல வர்ற 50 ஹெர்ட்ஸ் ஹம்மும் இருக்காது. ஒண்ணு கவனிங்க: பேட்டரில ஓடறப்ப விண்டோஸ் கரண்ட மிச்சம் பிடிக்கப் பாக்கும், ப்ராசஸர் வேகம் குறைஞ்சு ஆடியோ படபடன்னு உடையலாம். பவர் செட்டிங்க ஹை பெர்ஃபார்மன்ஸ்ல வெச்சு, வைஃபைய அணைச்சுருங்க. பக்கத்துல ஜெனரேட்டர் வெச்ச மில் இருந்தா இந்த வழி உதவாது.

எதிரொலிக்கு பனியன் வேஸ்ட் வாங்குங்க, காட்டன் மட்டும். 4 அடிக்கு 2 அடி மரச்சட்டம், 4 இஞ்ச் ஆழம். உதிரியா அடைச்சு மேல காடா துணி இழுத்து ஆணியடிங்க. இறுக்கித் திணிச்சா வேலை செய்யாது. ஜமக்காளம் மட்டும் தொங்கவிட்டா கிணுகிணுப்பு அடங்கும், 200 - 400 ஹெர்ட்ஸ் டப்பாச் சத்தம் அப்படியே நிக்கும். பேனலை மைக்குக்குப் பின்னால வைக்கறதவிட பாடறவரோட முதுகுக்குப் பின்னால வைங்க, கார்டியாய்ட் மைக் (முன்பக்கச் சத்தத்தத்தான் அதிகமா எடுக்கும்) பார்த்துட்டு இருக்கறது அந்தப் பக்கத்தத்தான். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண், நடுவுல பாப் ஃபில்டர். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், உச்சம் மைனஸ் 10 டெசிபல் தாண்ட வேண்டாம்.

சிண்டுக்குச்சி:
தப்பட்டைய அந்த ரூம்ல எடுக்கவே எடுக்காதீங்க. செவுத்துல மோதித் திரும்பறதுதான் ரெக்கார்டு ஆகும். ஊருக்கு வெளிய களத்துல, தோட்டத்துல எடுங்க. சோலோல மைக் ப்ரீ (மைக் சத்தத்த ஏத்தற பகுதி) ஒண்ணுதான், அதனால ரெண்டு பேரையும் மைக்குக்கு முன்னால அரைவட்டமா 5, 6 அடி தள்ளி நிறுத்துங்க. யார் சத்தம் தூக்கலோ அவர் ஒரு எட்டு பின்னால. கெயினை ஏறக்குறைய பூஜ்ஜியத்துல ஆரம்பிங்க. மைக்ல மைனஸ் 10 பேட் (சத்தத்த 10 டெசிபல் குறைக்கற சுவிட்ச்) இருந்தாப் போட்டுக்குங்க. தப்பட்டை அடிக்கற சிண்டுக்குச்சி படற அந்த ஒரு நொடித்துளிதான் கிளிப் ஆகும் (அளவு மீறி உடையும்), காதுக்கு உடனே தெரியாது, மிக்ஸ்லதான் கரகரன்னு வரும். ஆனி, ஆடில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மைக்குல அடிச்சா எந்த ஃபில்டராலயும் முழுசா எடுக்க முடியாது. விடியக்காலம் காத்து அடங்கி இருக்கறப்ப முடிச்சுருங்க, ரோமக் கவர் கட்டாயம் வேணும்.

தோலு காய்ச்சின உடனே இருக்கற சுருதி கொஞ்ச நேரத்துல எறங்கிரும். பல்லவிய சூட்டோட எடுத்து, சரணத்த ஆறினப்புறம் எடுத்தா ஒட்டு தெரியும். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால காய்ச்சி, முதல் டேக்க ஃபோன்ல கேட்டு ஒத்துப் பாத்துக்குங்க. உடுக்கைய தனியா வீட்டுலயே எடுக்கலாம், ஒன்றரை அடில.

காடாத்துணி:
கிளிக் (வேகம் மாறாம இருக்க ஹெட்ஃபோன்ல வர்ற டிக் டிக்) போட்டா அடிக்கறவங்களுக்குப் பிடிக்க மாட்டேங்குதுங்க. கிளிக் இல்லாம எடுத்தா கிட்டார் ஒட்ட மாட்டேங்குது.

சிண்டுக்குச்சி:
6 எண்ணத்துக்கும் டிக் டிக்னு வெச்சிருப்பீங்க. ரெண்டு தட்டு மட்டும் வைங்க, ஒண்ணாவதும் நாலாவதும். பீப்புக்குப் பதிலா சலங்கைச் சத்தம் வெச்சா கை தானா விழும், ஹெட்ஃபோன்ல இருந்து மைக்குக்குக் கசிஞ்சாலும் கெடுதலில்ல. வேகத்த ரீப்பர் டெம்போ என்வலப்ல (வேகம் எங்க ஏறணும்னு காட்டற கோடு) முன்னாடியே வரைஞ்சுருங்க, நிமிஷத்துக்கு 92 தட்டுல இருந்து 108 மாதிரி, கடைசிச் சரணத்துல மட்டும் ஏத்தி. அதுக்கு மேல வழிகாட்ட மட்டும் கைடு கிட்டாரும் கைடு குரலும் எடுத்து வெச்சுட்டுத்தான் தப்பட்டை.

வாய்க்கால்மேடு:
முழுசா ஸ்டுடியோவுக்குப் போறது வீண் செலவுங்க, ஆனா மிக்ஸுக்குக் குடுங்க. காசு அங்க போகட்டும். அதுக்கு முன்னால பாட்டையே ஒருக்கா பாருங்க: எந்தக் கட்டைல பாடறீங்க? வேகமெடுக்கற கடைசிப் பல்லவிய அஞ்சு தடவ தொடர்ந்து பாடி தொண்டை நின்னா அந்தக் கட்டை சரி, இல்லைன்னா அரைக்கட்டை எறக்குங்க. தப்பட்டை எடுத்தப்பறம் மாத்தறது கஷ்டம். நீட்டிப் பாடற எடத்துல வரி நெடில்ல முடியணும், மெய்யெழுத்துல முடிஞ்சா நீட்ட முடியாது.

பழைய கும்மி மெட்டுல தப்பில்ல, அது பொதுச் சொத்து. யாராச்சும் அத இசையமைச்சு வெளியிட்ட பதிவுல இருந்து இடையிசையோ சாம்பிளோ எடுத்தாத்தான் வம்பு. கிரெடிட்ல ‘மெட்டு: நாட்டுப்புறம்’னு போட்டுருங்க. அடிக்கற மூணு பேர்கிட்டயும் ஒரு பக்கம் எழுதி கையெழுத்து வாங்குங்க. உரிமைய எழுதி வாங்கறப்ப எத்தனை வருஷம்னு போடலைன்னா காப்புரிமைச் சட்டப்படி 5 வருஷம்தான், எந்த நாடுன்னு போடலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்தான். நிறையப் பேர் இங்கதான் கோட்டை விடறாங்க.

ஐஎஸ்ஆர்சி எண்ண (ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள அடையாள எண்) டிஸ்ட்ரிப்யூட்டரே, அதாவது பாட்ட ஸ்பாட்டிஃபை மாதிரி தளங்கள்ல ஏத்தற கம்பெனியே, குடுத்துருவாங்க. ரெடிமேட் லூப் எதாச்சும் சேர்த்திருந்தா யூட்யூப் கன்டென்ட் ஐடி (உங்க பாட்டு வேற வீடியோல வந்தா தானா கண்டுபிடிக்கறது) டிக் பண்ணாதீங்க, அதே லூப் போட்ட மத்தவங்க மேல கிளெய்ம் போய் சண்டை வரும். ஸ்பாட்டிஃபை பிட்ச் (ப்ளேலிஸ்ட்ல சேர்க்கச் சொல்லி அனுப்பறது) ரிலீஸுக்கு 7 நாளாவது முன்னாடி போகணும், அதனால ஃபைல 4 வாரம் முன்னமே ஏத்துங்க. கவர் 3000க்கு 3000 பிக்சல். மாஸ்டர் ட்ரூ பீக் (நிஜமான உச்ச அளவு) மைனஸ் 1 டெசிபல். சத்தத்த நசுக்கி ஏத்தச் சொல்லாதீங்க, ஸ்பாட்டிஃபை எப்படியும் சராசரிச் சத்தத்த மைனஸ் 14 LUFS அளவுக்கு எறக்கிரும், தப்பட்டையோட அடிதான் செத்துப் போகும்.