ஜனவரிக் கிழமைத் திட்டம்: மூன்று வயது அறையில் ஐஸும் ஸ்னோவும்

செம்பருத்தி (ஸ்காபரோ, ரொறன்ரோ, கனடா) எழுதியது:

வணக்கம். முன்பள்ளி அறை, 16 பிள்ளைகள், இரண்டரை வயதிலிருந்து நான்கு வரை. ஆசிரியர்கள் இரண்டு பேர். ஜனவரி நடுப்பகுதிக்கு ஒரு கிழமைத் திட்டம் போட வேணும். இப்போது எழுதி வைத்திருப்பது இதுதான்: திங்கள் பஞ்சு ஒட்டி ஸ்னோமேன், செவ்வாய் பென்குயின் முகமூடி, புதன் கடதாசி மடித்து ஸ்னோஃபிளேக் வெட்டுதல், வியாழன் தட்டத்தில் ஸ்னோ, வெள்ளி ஐஸில் நிறம்.

சிக்கல்கள்: தட்டத்தில் கொண்டுவரும் ஸ்னோ கால் மணித்தியாலத்தில் தண்ணீராகி, எல்லாருடைய சட்டைக் கையும் நனைந்துவிடும். மடித்த கடதாசியை இந்த வயது வெட்டாது, கடைசியில் பெரியவர்கள்தான் வெட்டிக் கொடுக்க வேண்டிவரும். வெளியே போக உடுப்பு மாட்டவே அரை மணித்தியாலம் போகுது. முதலில் மாட்டின பிள்ளை வாசலில் வேர்த்து அழும். அனுபவமுள்ளவர்கள் எப்படி அடுக்குகிறீர்கள்?

மழலைமுற்றம் பதில்:

ஐந்து நாளுக்கு ஐந்து பொருள் வைத்திருக்கிறீர்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு பொருள் கைக்குப் பழகவே ஒரு நாள் வேணும். கேள்வி பிறப்பது இரண்டாம், மூன்றாம் நாளில்தான். அதற்குள் நாங்கள் மேசையைத் துடைத்து அடுத்த கைவேலையை வைத்துவிடுகிறோம். அதனால் கிழமை முழுக்க ஐஸ் ஒன்றையே வைத்திருங்கள். பென்குயினை விட்டுவிடலாம். ஒன்டாரியோ ஜன்னலுக்கு வெளியே அணிலும் சிவப்புக் கார்டினல் குருவியும் இருக்கும்போது பென்குயினுக்கு அவசரமில்லை.

ஆயத்தம் முந்தின வியாழனே தொடங்க வேணும். மேல்பக்கம் வெட்டின ஒரு லீற்றர் பால் பெட்டி ஆறு எடுங்கள். ஒவ்வொன்றிலும் 400 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டு உறைய வையுங்கள். அது இறுகினபிறகு மேலே சீடார் கிளைத் துண்டு, தோடம்பழ வட்டம், விளையாட்டு மிருகம் ஏதாவது வைத்து, அவை ஒட்டிக்கொள்ளும் அளவுக்குக் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் விட்டு உறையவிட்டு, பிறகு குளிர்ந்த தண்ணீரால் நிரப்பித் திரும்ப உறைய வையுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் இலேசான சாமான் எல்லாம் மேலே மிதந்து அங்கேயே உறையும், பிள்ளை இரண்டு நிமிடத்தில் பிடுங்கிவிடும். விளிம்புக்கு இரண்டு சென்ரிமீற்றர் குறைவாக நிரப்புங்கள்; உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய ஒன்பது வீதம் பெருக்கும், பெட்டி பிளக்கும். மிருகங்கள் கழிவறைக் கடதாசியின் உள் குழாய்க்குள் நுழையாத பருமனில் இருக்கட்டும்.

குளிர்பெட்டியில் ஒரு முழு நாள் போதும். வெளியே மறை 10 பாகை செல்சியஸில் ஓர் இரவு வைத்தால் சுற்றிவர உறைந்து நடுவில் தண்ணீர் நிற்கும். ஒரு பெட்டியை வேணுமென்றே அப்படி எடுத்து வையுங்கள். ஐஸ் வெளியிலிருந்து உள்ளே உறைகிறது என்பதை அதைவிடத் தெளிவாக எந்தப் படமும் காட்டாது.

திங்கள்: கருவி எதுவும் கொடுக்க வேண்டாம். கட்டியும் கையும் மட்டும். ஒரு நூலைக் கட்டியைச் சுற்றிப் பிடித்து, அளவுக்கு வெட்டி, சுவரில் தொங்கவிடுங்கள். பின்னேரம் கட்டி குளிர்பெட்டிக்குத் திரும்பும். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்தபிறகு அதே கட்டிக்கு இன்னொரு நூல். வெள்ளிக்கிழமை சுவரில் ஐந்து நூல், ஒன்றைவிட ஒன்று கட்டை. எண் தெரியாத பிள்ளையும் அதை வாசிக்கும்.

செவ்வாய்: இரண்டு கிண்ணம், ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் கை பொறுக்கும் இளஞ்சூட்டுத் தண்ணீர். சொட்டுக்குழாயை இரண்டரை வயதுக் கை அமத்தாது, சோஸ் போத்தல்தான் நல்லம். எது விரைவில் குழி தோண்டுது என்று பார்க்கட்டும். விடையை நீங்கள் சொல்லாதீர்கள்.

புதன்: உப்பு. ஒவ்வொரு கட்டிக்கும் அரைத் தேக்கரண்டி சமையல் உப்பு தூவி ஐந்து நிமிடம் விடுங்கள். ஒரு கோப்பைத் தண்ணீரில் பத்துத் துளி உணவு நிறம் கலந்து மேலே சொட்டவிட்டால் உப்புத் தின்ற பள்ளம் எல்லாம் நிறத்தில் தெரியும். நிறம் இதைவிடக் கூடினால் விரலில் இரண்டு நாள் நிற்கும்.

வியாழன்: ஸ்னோ. தட்டம் பரந்தது, அதனால்தான் ஓடி உருகுது. 20 சென்ரிமீற்றர் ஆழப் பெட்டியை ஒரு மணித்தியாலம் வெளியே வைத்துக் குளிரவிட்டு, அழுத்தி நிரப்பிக் கொண்டுவாருங்கள். ஒரு தடவைக்கு நான்கு பிள்ளைகள், சட்டைக் கை முழங்கைக்கு மேலே, ஈரம் உள்ளே போகாத கையுறை. அதே நேரம் ஒரு கண்ணாடிப் போத்தலில் விளிம்பு வரை ஸ்னோவை அழுத்தாமல் போட்டு, எவ்வளவு தண்ணீர் வரும் என்று ஒவ்வொரு பிள்ளையும் ரேப் (ஒட்டுநாடா) துண்டு ஒட்டட்டும். அநேகமாக எல்லாரும் உயரத்தில் ஒட்டுவார்கள். அழுத்தாத புது ஸ்னோவில் பெரும்பகுதி காற்று, தண்ணீர் அடியில் கொஞ்சமாக நிற்கும்.

வெள்ளி: அந்தத் தண்ணீரைக் கோப்பி வடியில் விட்டு வடியுங்கள். வடியில் தங்கும் கறுப்பைப் பார்த்தபிறகு ‘ஸ்னோவை வாயில் வைக்காதே’ என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

கத்தரிக்கோல்: மடித்த கடதாசி ஐந்து வயது வேலை. இந்த அறைக்கு இரண்டு சென்ரிமீற்றர் அகல மெல்லிய மட்டைக் கீற்றுக் கொடுங்கள், ஒரு வெட்டில் துண்டு விழும். விழுந்த துண்டுகளே ஸ்னோ.

குளிர்காலக்கதவு பதில்:

உடுப்பு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். ஒன்டாரியோவில் ஆறு மணித்தியாலமோ கூடவோ நிற்கும் பிள்ளைக்குக் காலநிலை இடம் கொடுத்தால் நாளுக்கு இரண்டு மணித்தியாலம் வெளியே. காலை, பின்னேரம் என்று இரண்டு தடவை போனால் உடுப்பு மாட்டிக் கழற்றுவது நாலு முறை. அதைத் தடங்கலாகப் பார்க்காமல் கிழமைத் திட்டத்தில் ஒரு செயற்பாடாகவே எழுதுங்கள். பொத்தான், சிப், இடம் வலம், ஒழுங்குமுறை எல்லாம் அங்கேதான் இருக்கு.

முதலில் கழிவறை. பிறகு ஸ்னோ பான்ட்ஸ், பூட்ஸ், கழுத்துறை, தொப்பி, ஜாக்கெட், கடைசியில் மிட்டன் (விரல் பிரியாத கையுறை). ஜாக்கெட்டுக்குப் பிறகு பூட்ஸ் போட்டால் குனிய ஏலாது; மிட்டனுக்குப் பிறகு எதுவுமே ஏலாது. இந்த ஆறையும் படமாக்கிப் பிள்ளையின் கண் உயரத்தில் ஒட்டுங்கள். நீள ஸ்காஃப் வேண்டாம், சறுக்கு மரத்தில் சிக்கினால் கழுத்தை இறுக்கும். ஸ்னோ பான்ட்ஸின் உள் இலாஸ்ரிக்கைப் பூட்ஸுக்கு மேலே இழுத்துவிடாதபடியால்தான் சொக்ஸ் நனையுது.

ஜாக்கெட்டைத் தரையில் மல்லாக்க விரித்து, கழுத்துப் பக்கம் பிள்ளையின் காலடியில் இருக்க வையுங்கள். குனிந்து இரண்டு கையையும் உள்ளே விட்டுத் தலைக்கு மேலால் வீசினால் தானாக ஏறும். மூன்று வயதில் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சில நாளில் பிடிபடும். சிப்பின் அடிமுனையை நீங்கள் பூட்டிவிடுங்கள், இழுப்பது அவர்கள் வேலை.

அழுகைக்குக் காரணம் 16 பேரும் ஒரேயடியாகத் தொடங்குவது. முன்பள்ளி விகிதம் எட்டுக்கு ஒருவர். உங்களிடம் இரண்டு பேர். எட்டுப் பேர் உடுத்து ஓர் ஆசிரியரோடு வெளியே போகட்டும், மற்ற எட்டுப் பேர் அதுவரை கதைப்புத்தகத்தோடு இருக்கட்டும், பிறகு தொடங்கட்டும். உடுத்தின பிள்ளை அறைக்குள் நிற்கவே கூடாது. வேர்வையில் நனைந்த உள்ளுடுப்போடு வெளியே போனால் பத்து நிமிடத்தில் நடுங்கும். திரும்பி வந்ததும் ஈர மிட்டன்களை ஒரு கூடையில் கொட்டிச் சோடி தேடவிடுங்கள், கொடியில் கிளிப் போடுவதும் அவர்களே. அன்றைய கணிதம் அதுதான்.

காற்றுக் குளிர் (wind chill, காற்றோடு சேர்த்து உணரும் குளிர்) மறை 28ஐத் தாண்டினால் திறந்த தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். உங்கள் நிலையத்தின் எல்லை அதற்கு எவ்வளவோ முன்னமே இருக்கும், அந்த எண்ணைக் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

வாசல்கோலம் (மிசிசாகா) பதில்:

புதன்கிழமை உப்பு வேலைக்கு ஓர் எச்சரிக்கை. உப்பும் ஐஸும் சேர்ந்த கலவை பூச்சியத்துக்கு எவ்வளவோ கீழே போகும். கையில் அழுத்திப் பிடித்தால் தோல் வெந்தது போலப் புண்ணாகும். உப்புப் போட்ட கட்டி தட்டிலேயே இருக்கணும், யாரும் தூக்கக் கூடாது. விரலில் கீறல் உள்ள குழந்தைக்கு அன்று நிறச் சொட்டு வேலை மட்டும் கொடுங்க. நடைபாதைக்குத் தூவும் உப்பை வகுப்புக்குள் கொண்டு வரவே வேண்டாம், அதில் வேறு ரசாயனமும் இருக்கலாம். பலூனில் உறைய வைப்பதும் வேண்டாம்: கிழிந்த பலூன் துண்டு தொண்டையில் ஒட்டினால் எடுப்பது மிகக் கடினம்.

செவ்வாயோடு சேர்க்க ஒன்று: கையுறைச் சோதனை. ஒரே அச்சில் எடுத்த ஐஸ் கட்டி, பைக்கு இரண்டாக, மூன்று சிப் பைகள். ஒன்று மேசையில், ஒன்று சூடான காற்று வரும் துவாரத்துக்குப் பக்கத்தில், ஒன்று தடித்த மிட்டனுக்குள். எது முதலில் உருகும் என்று கேட்டால் ‘மிட்டன், ஏன்னா அது சூடு’ என்பார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்க. துவாரத்துப் பை முதலில் தண்ணீராகும், அடுத்தது மேசை, மிட்டனுக்குள் இருப்பது கடைசி. மெல்லிய பின்னல் கையுறையில் வித்தியாசம் தெரியாது. குழந்தைகள் ஆவலில் மிட்டனைப் பிசைந்தாலும் முடிவு மாறிவிடும், அதனால் திறந்து பார்ப்பது பெரியவர் கை. பிறகு வெறும் மிட்டனைக் குழந்தையின் கையில் மாட்டி, ‘இப்ப சூடு எங்கேயிருந்து வருது?’ என்று மட்டும் கேளுங்க.

செம்பருத்தி:

நன்றி, நூல் அளவும் மிட்டனும் கட்டாயம் செய்கிறோம். இரண்டு சந்தேகம். அந்தக் கிழமை ஸ்னோ இல்லாமல் மழையாக இருந்தால்? அறையில் ஆறு தமிழ்ப் பிள்ளைகள். அவர்களுக்கு எந்தச் சொல்லைப் பழக்குவது?

மழலைமுற்றம்:

ரொறன்ரோ ஜனவரியில் பூச்சியத்துக்கு மேலே ஏறி மழை பெய்யும் நாள் வரத்தான் செய்யும், அதனால் ஸ்னோவைத் திகதியில் கட்டாதீர்கள். விழுந்த அன்று வியாழன் வேலையை முன்னுக்கு இழுங்கள். ஐஸ் கட்டிகள் குளிர்பெட்டியில் இருப்பதால் மற்ற நாள் எதுவும் குழம்பாது. வெயில் எறித்தால் நிழல் அளவுங்கள்: ஜனவரி நடுவில் நண்பகலிலும் சூரியன் தாழ்வாகத்தான் நிற்கும், பிள்ளையின் நிழல் அவர் உயரத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நிழல் முடியும் இடத்தில் தடி நட்டு, அந்தப் பிள்ளையையே பக்கத்தில் படுக்க வைத்து ஒப்பிடலாம். ஸ்னோ மெல்லிதாகக் கிடந்தால் தடம் பாருங்கள். அணிலின் முன்கால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் விழும், முயலின் முன்கால் பெரும்பாலும் முன்பின்னாக விழும். இரண்டுக்கும் பெரிய பின்கால் தடம்தான் முன்னால் இருக்கும். பிள்ளைகள் ஓடின திசையை மாறிச் சொல்வார்கள், நாலு காலில் பாய்ந்து காட்டச் சொல்லுங்கள்.

வாசல்கோலம்:

சொல்லைப் பற்றி: ‘பனி’ என்று ஒன்றையே எல்லாத்துக்கும் போட்டால் குழந்தைக்குக் குழப்பம், ஏன்னா ஊரில் பனி என்பது முதலில் புல்லில் நிற்கும் துளி. விழுவது வெண்பனி, கையில் பிடிப்பது பனிக்கட்டி, காலையில் கார்க் கண்ணாடியில் படிவது உறைபனி, எதிரே மறைப்பது மூடுபனி. நாலையும் நேரில் காட்டி மட்டும் சொல்லுங்க, அட்டையில் வேண்டாம். ஸ்னோ, ஐஸ் என்று அவர்கள் சொல்வதைத் திருத்தவும் வேண்டாம். பக்கத்தில் தமிழ்ச் சொல் இருந்தால் போதும். மார்கழியும் தையும் முன்பனிக் காலம்; தை முதல் நாள் ஜனவரி நடுவில் என்பதால் பொங்கலும் அதே கிழமையில் வரும். சமைப்பதாக இருந்தால் முந்திரி போடாதீங்க, ஒவ்வாமை விதி இருக்கும். அடுப்பைச் சமையலறையிலேயே வைத்து, ஆறின கண்ணாடி மூடியை மட்டும் வகுப்புக்குக் கொண்டு வாங்க. உள்பக்கம் நிற்கும் துளியைப் பார்த்துத் திங்கள்கிழமைக் கட்டியோடு சேர்ப்பது அவர்கள் வேலை.

குளிர்காலக்கதவு:

ஒன்று விடுபட்டது. புதன்கிழமை உப்புத் தண்ணீரை வெளியே செடியடியில் ஊற்ற வேண்டாம், குழாய்த் தொட்டியில் விடுங்கள். மற்ற நாள் உருகின தண்ணீரையும் வாசல் படிப் பக்கம் கொட்டாதீர்கள். இரவில் உறைந்து, காலையில் பிள்ளையைத் தூக்கி வரும் பெற்றோர் சறுக்குவது அங்கேதான்.