சுடும் விசை யார் கையில்? விண்கலப் போர் அனுபவங்கள்

பதிவு 1
தானியங்கிக் குறிவைப்பை அணைத்துவிட்டு நானே பீரங்கியைத் திருப்பிய அந்தக் கணினி விளையாட்டு இன்னும் உறுத்துகிறது. 1977-இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் உச்சக்கட்டத்தில் நாயகன் லூக் குறிவைப்புக் கணினியை அணைத்ததைப் பார்த்து வளர்ந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? எதிரிக் கலம் குறிவட்டத்துக்குள் வந்ததும் விசையை அழுத்தினேன். குண்டுகள் வெறும் இருளைத் துளைத்துக்கொண்டு போக, அந்தக் கலம் சாவகாசமாக என் பின்புறம் வந்து சேர்ந்தது. அடுத்த ஆட்டத்தைக் கணினியிடமே விட்டேன். வெற்றி என்று திரை அறிவித்தபோது நான் கைகட்டி உட்கார்ந்திருந்தேன்.

பதிவு 2
குற்றம் உங்கள் கையினுடையதல்ல, தொலைவினுடையது. என் கதையொன்றில் தளபதி மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த கலத்தைத் தொலைநோக்கியில் பார்த்துச் சுடுவாள். படித்த நண்பர் அந்த வரியின் ஓரத்தில் ‘எங்கே இருக்கிறது கலம்?’ என்று பென்சிலால் எழுதித் தந்தார். அங்கிருந்து ஒளி வந்துசேர ஒரு நொடி, நம் லேசர் போய்ச்சேர இன்னொரு நொடி. நொடிக்கு 10 கிலோமீட்டர் செல்லும் கலம் அதற்குள் 20 கிலோமீட்டர் கடந்திருக்கும். ஒரே சீராகச் சென்றால் கணினி கணித்துவிடும். ஒழுங்கின்றி நெளிந்து சென்றால் கணினியும் ஊகிக்கத்தான் வேண்டும். ஆகவே கதை எழுதுவோர் தொலைவை முதலில் முடிவுசெய்யுங்கள்; அடுத்து, கலம் எவ்வளவு விரைவாகத் திசைமாறும் என்பதை முடிவுசெய்யுங்கள்; விசையில் யாருடைய விரல் இருக்க வேண்டும் என்பது அதன்பின் தானாகவே தெரிந்துவிடும்.

பதிவு 3
தானாகவெல்லாம் தெரியாது. குறிவைப்பது வேறு, சுட முடிவெடுப்பது வேறு. நான் ஆடிய விளையாட்டில் குறியைக் கணினியே பூட்டிவிடும், ‘சுடலாமா?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லப் பத்து நொடி மட்டும் நமக்கு. ஏழாவது நொடியில் ‘ஆம்’ என்றேன். கலம் வெடித்துச் சிதறிய பிறகுதான், கணினி தொடக்கத்திலிருந்தே திரையின் இடது ஓரத்தில் காட்டிக்கொண்டிருந்த ‘ஆயுதமற்றது’ என்ற சொல் என் கண்ணில் பட்டது. 1988 ஜூலை 3 அன்று அமெரிக்கப் போர்க்கப்பலான வின்சென்ஸ் ஈரானியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தி 290 பேர் இறந்தபோதும், விமானம் மேலேறுகிறது என்றே கப்பலின் கணினிப் பதிவு காட்டியது; இறங்கி வருகிறது என்று சொன்னவர்கள் மனிதர்கள்.

பதிவு 4
முதல் பதிவை எழுதியவன்தான். சேமித்து வைத்திருந்த ஆட்டத்தை மீண்டும் ஓட்டிப் பார்த்தேன். தொலைவு வெறும் நான்கு கிலோமீட்டர். ஒளியின்மேல் பழிபோட வழியே இல்லை.