வேலூர்க் கோட்டையில் தப்பிய ராமதேவன் காசா இது?

கேள்வி:
பூசைப் பெட்டியில் கிடந்த பொன் காசு. எடை 3.38 கிராம். ஒரு பக்கம் திருவாசிக்குள்ள பெருமாள் நிக்கிறார், மறுபக்கம் மூணு வரி நாகரி எழுத்து. கோட்டையில குடும்பத்தையே வெட்டினப்போ தப்பிச்ச சின்னப் பையன் ராமதேவராயர் போட்ட வராகன் (விஜயநகரப் பொற்காசு)னு ஒரு வியாபாரி சொல்லி, விலையை ஏத்துறார். நம்பலாமா?

காட்பாடிக்காரன்:
கதை உண்மை, காசோட அதை முடிச்சுப் போடுறதுதான் தப்பு. 1614 அக்டோபரில் விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடபதி இறந்தார். அவர் வாரிசாக்கிய ஸ்ரீரங்கனை எதிரணிப் பிரபு ஜக்கராயன் சிறைவைத்து, குடும்பத்தோடு கொன்றான். ஸ்ரீரங்கனின் மகன், பன்னிரண்டு வயசு ராமன் மட்டும் வண்ணார் ஒருவர் கையால் வெளியே வந்தான். ஏற்பாடு ஸ்ரீரங்கன் பக்கம் நின்ற தளபதி யாசம நாயக்கருடையது. கல்லணைப் பக்கம் தோப்பூர்ப் போரில் ஜக்கராயன் செத்த பிறகுதான், 1617 வாக்கில், பையனுக்குப் பட்டம். அதுவரை கையில் ராஜ்யமே இல்லை, காசு அடிக்க அக்கசாலைக்கு எங்கே போவான்?

எழுத்தைப் படியுங்க. 'ஸ்ரீ வேங்கடேச்வராய நமஹ'ன்னு இருந்தா அது சாமி பேர், ராஜா பேர் இல்லை. அந்த வகையை வேங்கடபதி கணக்கில்தான் சேர்க்கிறது வழக்கம். எழுத்தே இல்லாம பொடிப்பொடியா புள்ளி மட்டும் இருந்தா, அது பிற்காலத்துப் பகோடாங்கிற பொற்காசு.

தராசுத்தட்டு:
முதலில் தங்கமா என்று பாருங்கள். மில்லிகிராம் காட்டும் தராசில் உலர்ந்த எடை எடுங்கள். பிறகு தராசின் மேல் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, காசை மெல்லிய நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முங்கவிடுங்கள். தராசு காட்டுவதால் உலர்ந்த எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 0.19 கிராம் வந்தால் சுமார் 17.8, நல்ல தங்கம். 0.40 வந்தால் பித்தளைக்கு முலாம். பத்து மில்லிகிராம் தப்பினாலே விடை ஏறக்குறைய ஒன்று கூடியோ குறைந்தோ போகும், அதனால் சாதாரணத் தராசு உதவாது. காற்றுக்குமிழி ஒட்டாமல் இருக்க நீரில் ஒரு சொட்டு சோப்பு.

கேட்டவர்:
பத்தர்கிட்ட உரைச்சுப் பார்த்தா போதாதா? விளிம்பில கொக்கி இருந்த தடம் வேற இருக்கு.

தராசுத்தட்டு:
உரைகல் வேண்டவே வேண்டாம், மேல்தோல் போய்விடும். புளி போட்டுத் தேய்ப்பதும் அதே கேடு. கொக்கித் தடம் இருந்தால் பற்றாசு (ஒட்டவைத்த உலோகம்) மிச்சம் ஒட்டியிருக்கும். அது விடையைச் சற்றுக் கீழே இழுக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் சேகரிப்பாளர் விலை அந்தத் தடத்தாலேயே இறங்கும். வியாபாரி அதைச் சொன்னாரா?