சந்தேகம்: பழைய கொரோலாவில் பற்றரி இறங்குகிறது, செற் நேரத்தை மறக்கிறது, ஸ்பீக்கர் இரைகிறது

கேள்வி – கல்லடி, மட்டக்களப்பு

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1994ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா, ஏஈ100 வகை, 5ஏ-எப்ஈ எஞ்சின். யப்பானில் ஓடிய பின் இங்கு இறக்குமதியான வாகனம். எஞ்சினில் குறை சொல்ல எதுவும் இல்லை. தொல்லை முழுவதும் வயர்களில்தான். முன்பு வைத்திருந்தவர் பழைய றேடியோவைக் கழற்றிவிட்டுத் தொடுதிரை உள்ள செற் ஒன்றையும், முன் ஆசனத்தின் கீழே, ஒலியின் வலுவைக் கூட்டும் நான்கு சனல் அம்ப்ளிபயர் ஒன்றையும் பூட்டுவித்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை மாலை நிறுத்திய வாகனம் திங்கட்கிழமை காலையில் ஸ்ராட் எடுப்பதில்லை. பற்றரி புதியது, 45 அம்பியர்-மணி, கடையில் சோதித்தபோது நன்றாகவே இருந்தது. திறப்பை எடுத்தவுடன் செற் நேரத்தையும் பதிந்து வைத்த நிலையங்களையும் மறந்துவிடுகிறது. எஞ்சின் ஓடும்போது ஸ்பீக்கர்களில் ஒரு கீச்சொலி கேட்கிறது. அக்சிலேற்றரை மிதிக்க மிதிக்க அதன் சுருதியும் ஏறுகிறது. ஒலியளவைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தாலும் அது குறைவதில்லை. இவற்றுடன், இரவில் ஹெட்லைற்றைப் போட்டால் திரை மங்கி, சில வேளைகளில் செற் தானாக அணைந்து மீண்டும் எரிகிறது.

காட்டிய கராஜில் செற் பழுது, புதிது வாங்குங்கள் என்றார்கள். அந்தச் செலவைச் செய்வதற்கு முன் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று தெரிந்தவர்கள் கூற வேண்டும். மல்ரிமீற்றர் இருக்கிறது, அதைப் பாவிக்கவும் தெரியும்.

பதில் – கல்முனை (வாகன மின்வேலை செய்பவர்)

தம்பி, புதிய செற் வாங்க வேண்டாம். நீங்கள் எழுதிய அறிகுறிகளுக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது.

திறப்பை எடுத்ததும் செற் எல்லாவற்றையும் மறக்கிறது என்றால், அதன் நினைவைக் காக்க வேண்டிய மஞ்சள் வயருக்கு நிரந்தர மின்சாரம் வரவில்லை என்று பொருள். பெரும்பாலும் மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி ஏசிசி வயரில் (திறப்பைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வருவது) போட்டிருப்பார்கள். அப்படியானால் வாகனம் நிற்கும்போது செற்றுக்கு மின்சாரமே இல்லை; மின்சாரம் இல்லாத பொருள் பற்றரியை இறக்க முடியாது. ஆகவே செற்றின் மீது சந்தேகம் கொள்வதற்கு இடமில்லை. பற்றரியிலிருந்து தனக்கென்று தடித்த வயர் இழுத்துக்கொண்டு இருப்பது அம்ப்ளிபயர்தான். அது இரவு பகலாக விழித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எல்லாக் கதவுகளையும் மூடி, திறப்பை எடுத்துவிட்டு, பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். மீற்றரை 10 அம்பியர் துளைக்கு மாற்றி, கழற்றிய வயருக்கும் மைனஸ் முனைக்கும் நடுவில் இணையுங்கள். மீற்றர் இப்படி இணைந்திருக்கும்போது ஸ்ராட் அடிக்கவோ ஹெட்லைற் போடவோ கூடாது. மீற்றரின் பியூஸ் போய்விடும். சில நிமிடங்கள் பொறுத்து எண்ணைப் பாருங்கள். இப்படியான வாகனம் ஒன்றில் 50 மில்லி அம்பியருக்கு மேல் ஓடக் கூடாது. கூடுதலாக ஓடினால் பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுக்கும்போது எண் விழுகிறதோ அந்த வழியில்தான் கசிவு. அம்ப்ளிபயரின் வயர் பியூஸ் பெட்டி ஊடாக வராது என்பதால் அதைத் தனியாகக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

பதில் – அக்கரைப்பற்று

கல்முனைக் காக்கா சொன்னதை முதலில் செய்யுங்கள். ஹெட்லைற் போட்டதும் செற் அணைவது வேறு நோய். அது ஏர்த் பிரச்சினை, அதாவது மின்சாரம் வாகனத்தின் உடல் வழியாகப் பற்றரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பில் வந்த கோளாறு. நம்முடைய கரையோர ஊர்களில் முப்பது வருடம் நின்ற வாகனத்துக்கு உப்புக்காற்றும் மாரி வெள்ளமும் போதும். வயரின் மேலுறை நல்லதாகவே தெரியும். உரித்துப் பார்த்தால் செம்பு இழைகள் கறுத்துப் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். பற்றரி மைனஸிலிருந்து மட்காட் தகட்டுக்குப் போகும் வயரையும், எஞ்சினுக்குப் போகும் வயரையும் கழற்றிப் பாருங்கள். கால்வைக்கும் இடத்தின் பக்கத் தகட்டுக்குப் பின்னால் உள்ள ஏர்த் போல்ட்டையும் விட்டுவிடாதீர்கள். மழை நாளில் விரிப்பு நனைந்திருந்தால் அங்கேதான் முதலில் கறள் பிடிக்கும்.

கேட்டவர்

அளந்தேன். 0.78 அம்பியர் ஓடுகிறது. பியூஸ்கள் பலவற்றை எடுத்தும் மாறவில்லை. உட்பக்க விளக்குக்கான, டோம் என்று எழுதியிருக்கும் பியூஸை எடுத்தபோது மாத்திரம் 0.03க்கு விழுந்தது. ஆனால் அம்ப்ளிபயரின் தடித்த வயரைக் கழற்றினாலும் அதே 0.03தான் வருகிறது. இரண்டு வழியிலும் எண் விழுவது எப்படி என்பது எனக்கு விளங்கவில்லை. நீங்கள் சொன்னபடியே மஞ்சளும் சிவப்பும் ஒன்றாக முறுக்கப்பட்டு, வாகனத்தின் சாம்பல் நிற வயரில் இணைந்திருக்கின்றன. சுற்றியிருந்த ரேப் வெயிலில் உருகிப் பசையாகி, இழுத்தவுடன் முறுக்கும் சேர்ந்து கழன்று கையோடு வந்துவிட்டது.

பதில் – கல்முனை

0.78 அம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 18 அம்பியர்-மணிக்கும் மேல். 45 அம்பியர்-மணிப் பற்றரி இரண்டரை நாளில் முற்றாக வெறுமையாகும். ஸ்ராட்டருக்குப் போதாமல் போவது அதற்கும் முன்பே. திங்கட்கிழமைக் கதைக்கு இதுவே கணக்கு.

இரண்டு வழியிலும் விழுவது பெரிய தடயம். அம்ப்ளிபயருக்கு உணவு தடித்த வயரில் வருகிறது. எழுந்திரு என்ற கட்டளை மெல்லிய றிமோட் வயரில் வருகிறது. எதை நிறுத்தினாலும் அது அடங்கும். கட்டளை டோம் பியூஸின் வழியாக வருகிறது என்பதால், றிமோட் வயரை யாரோ நிரந்தர மின்சாரத்தில் போட்டிருக்கிறார்கள். செற்றின் பின்னால் வாகனத்தின் நீல நிறத்தில் மஞ்சள் கோடு உள்ள வயரைத் தேடுங்கள். அது அம்ப்ளிபயரின் நீல வயரோடு முறுக்கப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்தப் பிழை மிகப் பரவலானது என்பதால் காரணத்தையும் எழுதுகிறேன். சந்தையில் வாங்கும் செற்களில் மஞ்சள் நிரந்தர மின்சாரம், சிவப்பு ஏசிசி, கறுப்பு ஏர்த், நீலம்-வெள்ளை றிமோட். டொயோட்டா தன் வாகனத்தில் போட்ட நிறங்கள் முற்றிலும் வேறு: நீலம்-மஞ்சள் நிரந்தர மின்சாரம், சாம்பல் ஏசிசி, பழுப்பு ஏர்த், பச்சை பார்க் லைற்றோடு வருவது. டொயோட்டாவின் சிவப்பு, வெள்ளை, கறுப்பு, மஞ்சள் நான்கும் பின் ஸ்பீக்கர்களுக்குப் போகின்றன. நிறத்துக்கு நிறம் பார்த்து இணைப்பவர் நீலத்தை நீலத்தோடு சேர்த்துவிடுவார்; அம்ப்ளிபயர் வேலை செய்வதால் வேலை முடிந்தது என்று நினைத்து வாகனத்தைக் கொடுத்துவிடுவார். அதோடு, செற்றின் றிமோட் வயர் மின்சாரத்தை வெளியே கொடுப்பதற்கு உரியது. அதற்குள் வெளியிலிருந்து 12 வோல்ற் ஏறுவது செற்றுக்கும் கேடு.

இணைக்கும் முன் மைனஸைக் கழற்றுங்கள். செற்றின் மஞ்சளை வாகனத்தின் நீலம்-மஞ்சளோடும், சிவப்பைச் சாம்பலோடும், கறுப்பைப் பழுப்போடும் சேருங்கள். அம்ப்ளிபயரின் றிமோட் வயரைச் செற்றின் நீலம்-வெள்ளையோடு மாத்திரம் சேருங்கள். நிறத்தை நம்பி முடிக்காமல், மைனஸைக் கழற்றுவதற்கு முன்பே ஒவ்வொரு வயரையும் திறப்பை எடுத்தும் போட்டும் மீற்றரால் பார்த்துக்கொள்ளுங்கள். முறுக்கி ரேப் சுற்றுவது நம்முடைய வெயிலுக்கு நிற்காது. ஈயம் பற்றவைத்துச் சுருங்கும் குழாய் போடுங்கள். இல்லையென்றால் டொயோட்டாவின் பத்து முனை, ஆறு முனைச் சொக்கற்றுகளில் நேரே பொருந்தும் இணைப்பு வயரை வாங்குங்கள்.

பதில் – அம்பாறை

வயர்களைத் திறந்திருக்கும்போதே ஒன்றைப் பார்த்துவிடுங்கள். பற்றரியிலிருந்து அம்ப்ளிபயருக்குப் போகும் தடித்த வயரில், பற்றரிக்கு அருகிலேயே, அரை மீற்றருக்குள், பியூஸ் இருக்கிறதா? அம்ப்ளிபயரில் உள்ள பியூஸ் அம்ப்ளிபயரை மட்டுமே காக்கும். இடையில் அந்த வயர் தகட்டுத் துளையில் உரசி வெட்டுப்பட்டால், பற்றரியின் முழு மின்சாரமும் உடலில் பாய்ந்து வாகனமே எரிந்துவிடும். துளையில் இறப்பர் வளையம் இருக்க வேண்டும். எங்காவது உரிய பியூஸை எடுத்துவிட்டு யாராவது அதைவிடப் பெரிய பியூஸோ செம்புக் கம்பியோ போட்டிருந்தால், தயவுசெய்து அன்றைக்கே மாற்றுங்கள்.

பழைய யப்பான் றேடியோவை மீண்டும் போடலாம் என்று யாராவது சொன்னால் யோசித்துச் செய்யுங்கள். அக்காலத்து யப்பான் றேடியோக்கள் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் எடுக்கும். நம்முடைய நிலையங்களில் பெரும்பாலானவை அதற்கு மேலே இருப்பதால் அலைவரிசை மாற்றி ஒன்று தேவைப்படும்.

கேட்டவர்

நீலத்தோடு நீலம் முறுக்கப்பட்டே இருந்தது. அனைத்தையும் பிரித்து, அளந்து, ஈயம் வைத்து இணைத்துவிட்டேன். திறப்பை எடுத்த நிலையில் இப்போது 0.03 அம்பியர். செற் நேரத்தையும் நிலையங்களையும் மறப்பதில்லை. தடித்த வயரில் பற்றரிப் பக்கம் பியூஸ் இருக்கவில்லை. அம்பாறை அண்ணன் சொன்னபடி போட்டுவிட்டேன். கீச்சொலியும் ஹெட்லைற் பிரச்சினையும் மட்டும் அப்படியே இருக்கின்றன.

பதில் – அக்கரைப்பற்று

ஒலியளவைக் குறைத்தாலும் குறையாத கீச்சொலி, செற்றுக்குப் பிறகுதான் உள்ளே நுழைகிறது. எஞ்சினை ஓடவிட்டு, செற்றிலிருந்து அம்ப்ளிபயருக்கு ஒலியைக் கொண்டுவரும் சிக்னல் வயர்களைக் கழற்றுங்கள். ஒலி நின்றால் சிக்னல் வயரின் வழியாகவோ செற்றின் ஏர்த் வழியாகவோ வருகிறது. நிற்காவிட்டால் அம்ப்ளிபயரின் சொந்த ஏர்த்தைப் பாருங்கள். ஆசனத்தின் போல்ட்டில் ஏர்த் கொடுத்திருந்தால் அது சரிவராது. அங்கே மை பூசியிருக்கும், கறளும் இருக்கும். அரை மீற்றருக்குள், மின்சாரம் வரும் வயரின் அதே தடிப்பில், தகட்டின் மையை அரத்தாளால் சுரண்டிப் பளபளக்கும் இரும்பில் இறுக்குங்கள். சிக்னல் வயரும் தடித்த வயரும் ஒரே பக்கமாக ஓடினால் ஒன்றை மறுபக்கம் மாற்றுங்கள்.

ஹெட்லைற்றுக்கு ஒரு சோதனை. எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைற்றையும் போட்டு, மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் மைனஸ் முனையிலும் மற்றதைச் செற்றின் உலோக உடலிலும் வையுங்கள். 0.1 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் இடையில் எங்கோ ஏர்த் கெட்டிருக்கிறது. மட்காட் தகடு, டாஷ்போட் இரும்பு, செற் என்று ஒவ்வோர் இடமாக அளந்து போனால் எந்த இடத்தில் எண் பாய்கிறதோ அதற்கு முந்திய இணைப்பே பிழை. இவ்வளவும் சரியாக இருந்தும் கீச்சொலி நிற்காவிட்டால் மட்டும், பற்றரிக்குச் சார்ஜ் கொடுக்கும் அல்ரனேற்றரின் டயோட்டைச் சந்தேகியுங்கள். டயோட் கெட்டிருந்தால், எஞ்சின் ஓடும்போது மீற்றரை ஏசி (மாறோட்ட) வோல்ற்றில் வைத்துப் பற்றரியில் அளக்கையில் 0.5க்கு மேல் காட்டும். மலிவான சில மீற்றர்கள் நேரோட்டத்தையும் சேர்த்துக் காட்டிவிடும். எஞ்சின் ஓடாதபோதே பெரிய எண் வந்தால் அந்த மீற்றர் இதற்கு உதவாது.

கேட்டவர்

மட்காட் தகட்டில் 0.9 வோல்ற் காட்டியது. போல்ட்டைக் கழற்றியபோது கண்ணியின் பின்பக்கம் முழுவதும் பச்சைத் தூளாக உதிர்ந்தது. வயரில் பாதி இழைகள்கூட மிஞ்சியிருக்கவில்லை. புதிய வயரும் புதிய கண்ணியும் போட்டு, மேலே கிறீஸ் பூசியபின் 0.04. ஹெட்லைற் போட்டால் திரை அசைவதில்லை. அம்ப்ளிபயரின் ஏர்த் ஆசனப் போல்ட்டில்தான் இருந்தது. மாற்றியதும் கீச்சொலி நின்றுவிட்டது. எல்லோருக்கும் மிக்க நன்றி. பின் இடது ஸ்பீக்கரில் மட்டும் அடித்தொனி மெலிவாக இருக்கிறது. முன்பும் அப்படியே இருந்தது.

பதில் – கல்முனை

நல்லது தம்பி. அந்த ஸ்பீக்கரின் பிளஸும் மைனஸும் மாறியிருக்கும். ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுப்பதால் அடித்தொனி ஒன்றையொன்று அழித்துவிடுகிறது. வயர்களை அம்ப்ளிபயர்ப் பக்கத்தில் கழற்றி, 1.5 வோல்ற் ரோச் பற்றரி ஒன்றை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். பற்றரியின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸில் படும்போது கூம்பு வெளியே வர வேண்டும். உள்ளே போனால் மாற்றிப் போடுங்கள். டொயோட்டாவில் பின் இடதுக்குக் கறுப்புத்தான் பிளஸ், மஞ்சள் மைனஸ். கறுப்பு என்றால் மைனஸ் என்று பூட்டியவர் நினைத்திருப்பார். எந்த ஸ்பீக்கர் வயரையும் ஏர்த்தில் மட்டும் தொடவிடாதீர்கள், அம்ப்ளிபயர் எரிந்துவிடும்.